ஊட்டியில் 700 படுக்கை, பந்தலூருக்கு எத்தனை?

2025 ஏப்ரல் 6ஆம் தேதி ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். 700 படுக்கைகள், ரூ.143.69 கோடி செலவு, பழங்குடியினருக்கென்று 50 படுக்கையில் தனி வார்டு. சிம்லாவுக்கு அடுத்தபடியாக மலைப்பகுதியில் இவ்வளவு பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இங்கேதான் என்றார்கள். ஊட்டிக்காரர்களுக்குப் பெருமைதான். ஜெயில் ஹில்லில் இருந்த பழைய ஜி.எச்.சில் ஒரு மழைக்காலக் காலைப்பொழுது ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்றவர்கள் யாரும் இப்படியொரு கட்டடம் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

அது ஏன் 700 என்று கேட்டால் பலரும் நோயாளிக் கூட்டத்தைக் காட்டுவார்கள். 2011 கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை 7,35,394. ஆயிரம் பேருக்கு ஒரு படுக்கை என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய அந்த எண்ணே வந்து நிற்கிறது. பொருத்தம் அழகாக இருக்கிறது. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 150 பேரை எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்க்கும் கல்லூரி, தன்னோடு இணைந்த மருத்துவமனையில் குறைந்தது 605 படுக்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதி. 100 இடமென்றால் 420. ஊட்டிக்குக் கிடைத்தது 150 இடம். மாணவர் எண்ணிக்கை முதலில் முடிவாகிறது, படுக்கை எண்ணிக்கை அதன் பின்னால் வருகிறது. மருத்துவமனையைப் பெரிதாக்க வேண்டும் என்று தொடங்கி அதற்கு ஒரு கல்லூரியைச் சேர்த்தார்கள் என்பதைவிட, கல்லூரி வந்ததால் மருத்துவமனை பெரிதானது என்பதே சரி.

அந்தக் கல்லூரி வந்த வழியையும் பார்க்க வேண்டும். இருக்கிற மாவட்ட மருத்துவமனைகளை ஒட்டிப் புதிய கல்லூரிகள் தொடங்கும் மத்தியத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், 2019 ஆகஸ்டில் நாடு முழுக்க 75 கல்லூரிகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. கல்லூரி ஒன்றுக்கு ரூ.325 கோடி, அதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், அதாவது ரூ.195 கோடி. தமிழ்நாடு 11 கல்லூரிகளை வாங்கியது. 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் மோடி அவற்றைக் காணொலி வழியே திறந்து வைத்தபோது மத்திய அரசின் பங்கு ரூ.2,145 கோடி என்று அறிவித்தார்கள். 195ஐ 11ஆல் பெருக்கிப் பாருங்கள், பைசா பிசகாமல் அதுதான். கடலோரத்து நாகப்பட்டினத்துக்கும் 195, கரிசல் மண் விருதுநகருக்கும் 195, கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டிக்கும் 195.

இதே திட்டத்தில் வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் மத்திய அரசு 90 சதவீதம் தருகிறது. மலைப்பாங்கான நிலம் என்பதும் அந்தச் சலுகைக்கு ஒரு காரணம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அது கிடையாது, ஏனென்றால் சலுகை மலைக்கு அல்ல, மாநிலத்துக்கு. ஊட்டியைச் சிம்லாவோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் இந்த ஒப்பீட்டையும் ஒரு தடவை செய்திருக்கலாம்.

சமவெளியில் கட்டடம் கட்டுகிறவருக்குத் தரை தயாராக இருக்கிறது. இங்கே தரையையே முதலில் உண்டாக்க வேண்டும். சரிவை வெட்டி, மண்ணை அள்ளி, படிப்படியாகத் தளம் எடுத்து, ஒவ்வொரு படிக்கும் தடுப்புச் சுவர் எழுப்பி, அந்தச் சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் விட்டு, அந்தத் தண்ணீர் போய்ச் சேர ஓடை அமைத்து, அதற்குப் பிறகுதான் அஸ்திவாரம். கம்பி, சிமென்ட், மணல் எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வர வேண்டும். மண்வாரி இயந்திரத்தை இறக்குவதற்கே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதுவும் வடகிழக்குப் பருவமழை நாட்களில் சிரமம்தான். இந்தக் கெடுபிடியெல்லாம் வீம்புக்காக வந்தவை அல்ல. 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டமெங்கும் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மழையே இல்லாத 2024 பிப்ரவரி 7 அன்று, லவ்டேல் பக்கம் காந்தி நகரில் தடுப்புச் சுவருக்காக மண் எடுத்துக்கொண்டிருந்தபோது, மேலே இருந்த பழைய கழிப்பிடக் கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் புதைந்து போனார்கள்.

நீலகிரியில் கட்டடம் 7 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்பது நெடுநாளாக இருக்கும் வரம்பு. கொஞ்சம் பெரிய வீடு கட்டவே கலெக்டர் அலுவலகம், மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழு என்று ஆண்டுக்கணக்கில் கோப்பு சுற்றும் ஊர் இது. 700 படுக்கைக்கு இரண்டே வழிதான். உயரமாகப் போனால் விதியைத் தளர்த்த வேண்டும். அகலமாகப் போனால் மலையை இன்னும் வெட்ட வேண்டும். அவசியமான பொதுக் கட்டடத்துக்காக உயர விதியில் விலக்குக் கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு ஒரு ரிசார்ட்காரர் “அரசாங்கமே கட்டியிருக்கிறதே” என்று அதே விலக்கைக் கேட்டு வருவார் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டி முடித்தாலும் கணக்கு முடிவதில்லை. நூற்றுக்கணக்கான படுக்கைக்கும் விடுதிக்கும் தண்ணீர் வேண்டும். ஊட்டி நகரம் முக்கியமாகப் பார்சன்ஸ் வேலி அணையை நம்பியிருக்கிறது. கோடை சீசனில் லாட்ஜ்களும் அதே குழாயைத்தான் உறிஞ்சுகின்றன. மருத்துவக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2016ஆம் ஆண்டு விதி. மலைப்பாதை அடைபட்டால் நோயாளி மட்டும் மாட்டிக்கொள்வதில்லை, கழிவு வண்டியும் மாட்டிக்கொள்ளும்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன்: சாலை.

ஊட்டியிலும் குன்னூரிலும் இருப்பவர்களுக்கு இந்த மருத்துவமனை நேரடி லாபம். இதற்கு முன் தலையில் அடிபட்டவர், மாரடைப்பு வந்தவர், குறைமாதக் குழந்தை என்று கொஞ்சம் சிக்கலானால் “கீழே கொண்டு போயிடுங்க” என்பதுதான் பதில். கீழே என்றால் கோயம்புத்தூர். குன்னூர் வழியாகவோ கோத்தகிரி வழியாகவோ மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, 85 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் பர்லியாறு வளைவுகளில் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே 108 சிக்கிக்கொண்டு ஒலியெழுப்புவதை இங்கே யாரும் புதிதாகப் பார்ப்பதில்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்றம் இ-பாஸ் கொண்டுவந்ததற்குச் சுற்றுச்சூழல் ஒரு காரணம் என்றால், இந்த நெரிசல் இன்னொரு காரணம். கீழே அனுப்ப வேண்டியவர்களில் ஒரு பங்குக்காவது ஊட்டியிலேயே வைத்தியம் நடந்தால் அதுவே பெரிய காரியம். ஒரு காலத்தில் கீழே காய்ச்சலில் விழுந்த வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற மேலே ஏறி வந்தார்கள், ஊட்டி என்ற ஊரே அப்படி வளர்ந்ததுதான். நூறு வருஷத்துக்கும் மேலாக உள்ளூர் ஜனம் உடம்பு தேறக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

கூடலூர், பந்தலூர் தாலுக்காக்களின் கதை வேறு. மாவட்ட வரைபடத்தில் ஊட்டிக்கு மேற்கே இருக்கும் இந்தப் பகுதி, நிலத்தின் அமைப்பில் வயநாட்டின் தொடர்ச்சி. உயரம் சுமார் ஆயிரம் மீட்டர்தான். ஊட்டி இவர்களுக்கு மேலே இருக்கிறது, அதுவும் ஒரு பெரிய சுவருக்கு மேலே.

அய்யன்கொல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு, சிக்கலாகிறது என்று வைத்துக்கொள்வோம். லைனிலிருந்து தார்ச்சாலைக்கு வரவே ஜீப் வேண்டும். அங்கே 108 வந்து ஏற்றிக்கொண்டு பந்தலூர். அங்கே அந்த இரவில் மயக்க மருந்து டாக்டர் இல்லையென்றால் தேவாலா, நாடுகாணி வழியாகக் கூடலூர். சாலையில் யானை நின்றால் டிரைவர் விளக்கைத் தாழ்த்தி, இன்ஜினை அணைத்துக் காத்திருப்பார். ஹாரன் அடிக்க முடியாது. கூடலூரிலும் முடியாது என்றால் ஊட்டிக்கு 50 கிலோமீட்டர். நடுவட்டம் ஏற ஏற மூடுபனி இறங்கும். டிரைவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டி ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவார். பின்னால் வளைவுக்கு வளைவு ஆடும் குளுக்கோஸ் பாட்டிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மாமியார் கேட்பார், “தம்பி, இன்னும் எவ்வளவு தூரம்?” “நடுவட்டம் தாண்டிட்டா பயமில்லைம்மா.” அதற்குப் பிறகும் பைக்காரா, அதற்குப் பிறகும் ஊட்டி. மொத்தத்தில் 75 கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. பிரசவத்தில் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால் அவ்வளவு நேரம் கிடையாது.

அதனால்தான் இந்தப் பக்கத்து ஜனம் ஊட்டியைப் பெரிதாக நினைப்பதில்லை. சுல்தான் பத்தேரி, மேப்பாடி, பெரிந்தல்மண்ணா, கோழிக்கோடு என்று கேரளத்துப் பக்கம் போய்விடுகிறார்கள். பாஷை பழக்கம்தான். இலங்கையிலிருந்து 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்து டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள்கூட மலையாளத்தில் நோவைச் சொல்லத் தேறிவிட்டார்கள். காசு மட்டும் கையிலிருந்து போகிறது.

பழங்குடியினர் வார்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நோக்கம் நல்லது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்பழங்குடிகளும் இருக்கும் மாவட்டம் இது. பொது வார்டில் இவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். விரட்டப்படுவோம் என்று பயந்தே பலர் வராமல் இருந்தார்கள். தனி வார்டு அந்தப் பயத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்.

சிக்கல் அரிவாள் அணு ரத்தசோகையில் வருகிறது. இந்தியாவில் இந்த நோயின் மரபணுக் கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரியின் பழங்குடியினரிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952இல் வெளியிட்டார்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்தக் கூறு வந்தால் ரத்தச் சிவப்பணு ஆக்சிஜன் குறையும்போது அரிவாள் போல வளைந்து, சிறு குழாய்களை அடைக்கும். எலும்பைப் பிழியும் வலி வரும், மண்ணீரல் கெடும், இளம் வயதிலேயே உயிர் போகும். இந்த நோயாளிகளுக்கு வலியைத் தூண்டுபவை என்று மருத்துவர்கள் எச்சரிப்பவற்றில் குளிரும் உண்டு, உடம்பில் நீர் வற்றுவதும் உண்டு, ஆக்சிஜன் குறைந்த உயரமான இடமும் உண்டு.

இந்த நோய் நீலகிரியில் எங்கே அதிகம்? கூடலூர், பந்தலூர் பள்ளத்தாக்கில், பணியரிடமும் குறும்பரிடமும். இவர்களுக்கான வார்டு எங்கே? 2,240 மீட்டரில், டிசம்பர் இரவில் பனி உறையும் ஊரில். வலி வந்து துடிக்கும் நோயாளியை ஆயிரம் மீட்டரிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேல் ஏற்றிக் குளிரில் கொண்டு போய்ப் படுக்க வைப்பது, வைத்தியத்துக்குள்ளேயே ஒரு ஆபத்தைச் சேர்ப்பது. ஒவ்வொருவருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. வார்டு சூடாக இருக்கலாம், ஆக்சிஜன் கொடுக்கலாம். ஆனாலும் கீழேயே பார்க்க முடிகிற நோய்க்கு மேலே ஏன் ஏற்ற வேண்டும்? வலிக்கு ஊசி, சலைன், தேவைப்பட்டால் ரத்தம், நாள்தோறும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை. இதற்கு 700 படுக்கை வேண்டாம். நோயைத் தெரிந்த டாக்டரும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஒரு சுகாதாரப் பணியாளரும், விடாமல் மருந்தும் போதும். கூடலூரில் 1990 முதல் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை இதைச் செய்து காட்டியிருக்கிறது. அங்கே நர்ஸுகளாக வேலை பார்ப்பவர்களில் பழங்குடிப் பெண்களே இருப்பது இன்னொரு பெரிய வித்தியாசம். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் அணு ஒழிப்புத் திட்டம் 2047க்குள் இந்த நோயை ஒழிப்பது என்று குறி வைத்திருக்கிறது. பரிசோதித்துச் சீட்டுக் கொடுப்பதோடு நின்றுவிடாமல் இருந்தால் கூடலூர் முன்மாதிரியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மாவட்ட மருத்துவமனை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானால் நிர்வாகத்தில் ஒரு மாற்றம் நடக்கும், வெளியே அதிகம் பேசப்படாதது. அது ஊரகநலப் பணிகள் இயக்ககத்தின் கையிலிருந்து மருத்துவக் கல்வி இயக்ககத்துக்குப் போய்விடும். குன்னூர் லாலி ஆஸ்பத்திரி, கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் ஜி.எச்.கள் எல்லாம் பழைய இயக்ககத்திலேயே நிற்கும். ஒரே மாவட்டம், இரண்டு குடும்பம். முன்பெல்லாம் தலைமை மருத்துவமனையில் இருக்கும் மகப்பேறு டாக்டரை ஒரு வாரம் கூடலூருக்கு அனுப்ப மாவட்ட இணை இயக்குநர் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இப்போது கல்லூரிப் பேராசிரியரை அவர் தொட முடியாது. தேசிய மருத்துவ ஆணையம் ஆசிரியர்களின் வருகைப் பதிவை ஆதார் வழியே பார்க்கிறது. ஆசிரியர் எண்ணிக்கை குறைந்தால் கல்லூரிக்கு நோட்டீஸ் வரும். எனவே கல்லூரி தன் டாக்டர்களை விடாது. அதற்கு மேல், கல்லூரியில் காலியிடம் விழுந்தால் ஆய்வு நேரத்தில் சுற்றுவட்டார ஜி.எச்.களிலிருந்து ஆளை எடுத்து நிரப்பும் பழக்கம் தமிழ்நாட்டில் புதியதல்ல. பெரிய ஆஸ்பத்திரி வளர்வதால் சின்ன ஆஸ்பத்திரி தேய்வது இப்படித்தான்.

மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற தகுதி இப்போது கூடலூருக்குப் போயிருக்கிறது. இந்த விரிவாக்கக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். திண்டுக்கல்லுக்குக் கல்லூரி வந்தபோது பழனி ஜி.எச். மாவட்டத் தலைமை மருத்துவமனையானது. கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களிலிருந்து பார்த்தால் இரண்டுமே கீழேதான், மன்னவனூர்க்காரருக்குக் கொடைக்கானல் வந்து சேர்வதே பாதி நாள். நீலகிரியில் வேறு. கூடலூர் உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை மாற்றியதோடு நிற்காமல் அங்கே இரவிலும் சிசேரியன் நடக்க வேண்டும். அதற்கு ஒரு மகப்பேறு டாக்டர் போதாது. மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், ரத்தம், ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் என்று எல்லாம் ஒரே இரவில் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். வாரம் ஏழு நாளும் அப்படி இருக்க, ஒவ்வொரு பதவிக்கும் மூன்று பேராவது வேண்டும். கட்டடச் செலவோடு ஒப்பிட்டால் இது கொசுறு. கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, ராத்திரி டியூட்டிக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

டாக்டர் மலைக்கு வர மாட்டார் என்பது பழைய புலம்பல். வருகிறார்கள். கடினப் பகுதியில் வேலை பார்த்தால் முதுநிலைப் படிப்பு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் 30 சதவீதம் வரை ஊக்கம் உண்டு. அதற்காகவே மலைக்குக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது வருஷம் முடிந்ததும் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிள்ளைகளைச் சேர்க்கப் பள்ளிக்கூடம், ஒழுகாத குவார்ட்டர்ஸ், துணைக்கு இன்னொரு டாக்டர் இல்லாத இடத்தில் நிபுணர் ஏன் நிற்பார்?

இதற்கிடையே கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஜப்பான் நிதியுதவியில் நடந்த நகர்ப்புறச் சுகாதாரத் திட்டத்தில் கீழ்ப்பாக்கம், மதுரை, கோயம்புத்தூர் மூன்றிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. இதய அறுவை, நரம்பு அறுவை போன்றவற்றுக்கு நீலகிரி இன்னும் பல ஆண்டுகள் கோயம்புத்தூரையே நம்பியிருக்கும், அதில் தவறும் இல்லை. ஆண்டுக்குச் சில பத்து பேருக்கு மட்டும் தேவைப்படும் அறுவையை எல்லா ஊரிலும் செய்யப் போனால் கை பழகாது, தரம் குறையும்.

புதிதாகக் கட்டாமலே செய்யக் கூடிய சில காரியங்கள் விதிப் புத்தகத்திலேயே இருக்கின்றன. முதுநிலை மருத்துவ மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2021 அணியிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. கோயம்புத்தூர் கல்லூரியில் மகப்பேறும் மயக்க மருந்தியலும் படிப்பவர்களைச் சுழற்சியில் கூடலூருக்கு அனுப்பினால், பாதி டாக்டர் பஞ்சம் அங்கேயே தீரும். ஊட்டிக் கல்லூரியின் முதல் அணி 2022இல் சேர்ந்தது. அவர்கள் படிப்பை முடித்துப் பயிற்சி டாக்டராக, அதாவது ஹவுஸ் சர்ஜனாக வரும்போது சமூக மருத்துவத்துக்கென்று 12 வாரம் இருக்கும். அந்த 12 வாரத்தை ஊட்டியைச் சுற்றியுள்ள வசதியான ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கழிக்க விடலாம், அல்லது நெல்லியாளத்துக்கும் சேரம்பாடிக்கும் அனுப்பலாம். தங்க இடம், சாப்பாடு, ஒரு ஜீப், கூட இருந்து கற்றுத்தர ஒரு மூத்த டாக்டர். செலவு அவ்வளவுதான். பட்டியல் போடுவது கல்லூரி முதல்வர் அலுவலகத்தின் வேலை, கூடலூரில் இடம் கொடுப்பது மாவட்ட இணை இயக்குநரின் வேலை. இரண்டு இயக்ககமும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும், அதற்குக் கலெக்டர் கூப்பிட வேண்டும்.